பச்சை அடித்த சின்னக் கார்

போன மாதம் லண்டனிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார். முழங்கால் நோ, சீனி வருத்தம், அங்கே குளிர், இங்கே வெக்கை என்று வழக்கமான கதைகள் முடிந்த பிறகு ஒரு புதுக் கேள்வி கேட்டார். தொண்ணூற்று மூன்றில் அவர் அனுப்பிய சின்னக் கார் இன்னும் இருக்கிறதா என்று.

"அது இப்ப செய்யிறேல்லையாம் தங்கச்சி. சேர்க்கிற ஆக்கள் தேடித் திரியினம். பெட்டி கிடக்கே?"

"பெட்டி இல்லை அண்ணை."

"சரி, பெட்டி போகட்டும். பெயின்ற் பழுதாகாமல் கிடக்கே? அதுதான் முக்கியம். வாங்கேக்கை இருந்த பெயின்ற் அப்பிடியே இருக்கவேணும். மேலாலை ஆரும் கை வைச்சிருந்தால் அது வெறும் தகரம்."

கார் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போது அது எனக்கு நேரே, கண்ணாடி அலுமாரியின் இரண்டாம் தட்டில், என் பிறசர் குளிசைகளுக்குப் பக்கத்தில் நின்றது. ஐம்பத்தாறு வயதில் பொய் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தக் காரைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்யும் அது இல்லை.

உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனிவரை வரும் உலோகக் கார் அது. மொறிஸ் மைனர் டிறவலர். முன்பாதி எல்லா மொறிஸ் மைனரையும் போல முழி பிதுங்கிய முகத்தோடு இருக்கும். பின்பாதி வேறு மாதிரி. வெளியே தெரிகிற மரச்சட்டங்களும், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிகளும், பின்னால் அலுமாரியைப் போல இரண்டாகத் திறக்கிற கதவுகளும். அந்தக் கதவுகள் இந்தச் சின்னக் காரிலும் திறக்கும். நகத்தால் மெல்ல நெம்ப வேண்டும்.

இதே காரின் பெரிய வடிவம் கோப்பாயில் எங்கள் வீட்டில் நின்றது. ஒஸ்ரினும் மொறிஸும் ஊருக்குப் பத்து ஓடிய காலம் அது. ஆனால் மரம் வைத்த கார் எங்கள் பக்கத்தில் அப்பாவினது மட்டும்தான். ஊர் அதைப் "பலகைக் கார்" என்றது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரைச் சந்தியில் விட்டு வாடகைக்கு ஓடினார். கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் பலகைக் கார்தான் போகும். கரும்பச்சை நிறம். அப்பா அதைக் கழுவுகிற நேரத்தில் நான் இரண்டு முறை குளித்து முடித்துவிடுவேன்.

அப்பாவிடம் ஒரு குணம் இருந்தது. தன் கையில் பிழை என்று வாழ்க்கையில் ஒரு தரம்கூட ஒத்துக்கொண்டதில்லை. கார் நடுவழியில் நின்றால் பெற்றோல் ஊத்தை, ரோட்டு மோசம், பிளக் செய்தவன் கள்ளன். உலகத்தில் எல்லோரும் பிழை விடலாம், அப்பாவின் விரல்கள் மட்டும் விடாது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். காரை அம்மா "உங்கடை மூத்தவள்" என்றுதான் சொல்வார்.

"மூத்தவளைக் குளிப்பாட்டி முடிஞ்சுதே? இனியாவது சாப்பிட வருவியளே?"

அந்த மூத்தவளின் மரத்தைக் கறையான் அரிக்கத் தொடங்கியபோதுதான் கொழும்புத்துறை மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. அதே ஆண்டுதான் அண்ணை லண்டனுக்குப் போனார். மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை, குடாநாட்டுக் கரையிலுள்ள கொழும்புத்துறை ஊர்க்காரர். கடல் தொழில் செய்கிற, மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். அப்பாவுக்கு எஞ்சின் பைத்தியம், அவருக்கும் எஞ்சின் பைத்தியம், அது போதும். அப்பா அரித்துப்போன சட்டங்களைக் கழற்றி வேப்ப மரத்தில் புதிதாகப் போட்டார். மாமா ஒரு தகரம் நிறையச் சுறா எண்ணெய் கொண்டுவந்து வள்ளத்துக்குப் பூசுவது போலப் பூசிவிட்டார். அதற்குப் பிறகு கறையான் கிட்ட வரவில்லை. அம்மாவும் கிட்டப் போகவில்லை. மழை பெய்தால் கார் மீன் சந்தை போல மணக்கும். வெள்ளிக்கிழமை அந்தக் காரில் கோவிலுக்குப் போகமாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்பார். "அக்கா, சுறாவும் சிவன் படைச்சதுதானே" என்று மாமா சீண்டுவார். அம்மா செருப்பைக் கொழுவிக்கொண்டு நடந்தே போவார். அம்மாவுக்கு முட்டு வருத்தம் இருந்தது, மூச்சு வாங்க வாங்க நடப்பார்.

அந்த முட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. பனிக் காலத்திலும் மாரியிலும் அம்மாவின் நெஞ்சு விசிலடிக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் அது கைமீறிப் போகும். அப்போது பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும், ஊசி போட்டு மாஸ்க் வைத்தால் இறங்கிவிடும். கோப்பாயிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் கால் மணி நேரம். அப்பா இருக்கிறார், கார் இருக்கிறது என்று நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு தடை போட்ட பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கு எரித்தோம். அந்தப் புகை அம்மாவுக்கு ஆகாது. கார்களையும் ஆட்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களைச் செய்த வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். எஞ்சின் சூடாகிவிட்டால் மண்ணெண்ணெய் பிடிக்கும். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. அதற்குப் பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் வாயில் மூன்று கரண்டி பெற்றோல் விட்டு, முன்னால் ஒருவர் இரும்பு ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். அந்த மூன்று கரண்டி எரிந்து முடிகிறதுக்குள் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்துவிட வேண்டும். பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கார் ஓடும்.

ஆகவே பெற்றோல் எங்களுக்கு மருந்து மாதிரி ஆனது. கடலால் வருகிற ஆட்களிடமிருந்து மாமா கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து அப்பாவுக்குக் கொடுப்பார். வாடகைக்கு ஓட ஒரு போத்தல். அது இருந்தால் கார் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அதைவிட ஒரு சின்னப் போத்தல் இருந்தது. இருமல் மருந்து வந்த மண்ணிறப் போத்தல். அதற்கு "அம்மாவின் போத்தல்" என்று பெயர். ஆறு கரண்டி பெற்றோல், அதாவது இரண்டு முறை ஸ்ராட் செய்யக் காணும். எந்த மட்டுக்கு இருக்கிறது என்று தெரிய வெளியே ஒரு துண்டுப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார் அப்பா. அம்மாவின் குளிசைகளோடு அலுமாரிக்குள் இருக்கும். காலையில் முகம் கழுவியதும் அலுமாரியைத் திறந்து வெளிச்சத்துக்கு அதைத் தூக்கி மட்டம் பார்த்துவிட்டு வைப்பார். கடவுளே வந்து கேட்டாலும் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சின்னக் கார் வந்தது தொண்ணூற்று மூன்று ஆவணியில். கொழும்புக்குப் போய் வந்த அயல் வீட்டு அக்கா ஒருவர் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் அதைத் தலைகீழாகப் புரட்டி, கதவுகளைத் திறந்து, பற்றரி இருக்கிறதா என்று பார்த்தார்களாம். இல்லை என்றதும் ஒரு ஆமிக்காரன் மேசையில் உருட்டி விளையாடிவிட்டுக் கொடுத்தானாம். பிறகு ஏரியால் வள்ளத்தில் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிற பாதையில் ஒரு விளையாட்டுக் காரைச் சுமந்துவந்ததற்கு அந்த அக்காவுக்குக் கோவில் கட்டலாம். "அப்பாவுக்கு, அவருடைய கார்" என்று அண்ணை ஒரு துண்டில் எழுதியிருந்தார்.

அப்பாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் இருந்தார். மரச்சட்டங்களை எண்ணினார். பின்கதவை நூறு தரம் திறந்து மூடினார். "துடைப்பான்கூட வைச்சிருக்கிறான் பார்" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "இளையவள் மணக்கேல்லை, இவளை வைச்சிருக்கலாம்" என்றார்.

ஒரே ஒரு குறை. அது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"எல்லாம் சரி, நிறம்தான் பிழை. எங்கடை பச்சை. இது ஆரின்ரையோ கார்" என்றார் அப்பா. ஓடாத வானொலிப் பெட்டிக்கு மேல் அதை வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கொண்டுபோய்க் காட்டி, "எங்கடை கார்தான், நிறம் மட்டும் பிழைச்சுப்போச்சு" என்பார். ஒரு மாதம் கேட்டேன், இரண்டு மாதம் கேட்டேன். எனக்குக் காது புளித்துப்போனது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் சித்திரம் படிப்பித்தேன். கை சுத்தம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. பெரிய காருக்கு அடித்த பச்சைப் பெயின்ற் ஒரு தகரத்தின் அடியில் கொட்டிலில் மிச்சம் கிடந்தது. அதை எடுத்துச் சின்னக் காருக்கு அடித்து அப்பாவின் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவைச் சந்தோசப்படுத்த என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கையைக் காட்டத்தான் ஆசை.

பெயின்ற் பனம்பாணி போல இறுகிக் கிடந்தது. இளக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு ஒரு தகர மூடியில் பூசிப் பார்த்தேன். மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது. அப்பாவே சொல்கிற விஷயம்தான் அது. "மண்ணெண்ணெய் கலந்தால் பெயின்ற் சென்மத்திலையும் காயாது. பெற்றோல் விடவேணும்."

வாடகைப் போத்தல் காலி. அலுமாரியில் அம்மாவின் போத்தல் இருந்தது.

இரண்டு கரண்டி எடுத்தேன். காரை எண்ணெய்ப் பசை போகத் துடைக்கவே ஒன்று போய்விட்டது. பிறகு இன்னும் இரண்டு எடுத்தேன். மொத்தம் நாலு. எடுத்த இடத்துக்கு மண்ணெண்ணெய் விட்டுப் பிளாஸ்ரர் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மண்ணிறப் போத்தலில் நிறம் தெரியாது. மணமும் தெரியாது, அந்த வருடங்களில் எங்கள் சட்டை, தலையணை, சோறு எல்லாமே மண்ணெண்ணெய் மணந்தன. மாமா கிழமைக்கு ஒரு தரம் வருகிறவர். அடுத்த தரம் வரும்போது மெல்லக் கேட்டு வாங்கி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு ஐந்து மாதமாக முட்டு வரவில்லை.

பள்ளிக்கூடத் தூரிகையால் மூன்று நாள் அடித்தேன். மரச்சட்டங்களுக்குக் கடதாசி ஒட்டி மறைத்து, மெல்லிய பூச்சாக மூன்று தரம். கண்ணாடி போலக் காய்ந்தது. அப்பா கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அரை நிமிடம் கழித்து மெக்கானிக் விழித்துக்கொண்டார்.

"என்னத்தை விட்டுப் பிள்ளை இளக்கினனி? உது நல்லாய்க் காய்ஞ்சிருக்கே."

"பள்ளிக்கூடத்திலை கொஞ்ச ரேப்பந்தைன் கிடந்ததப்பா."

"அதுதானே பார்த்தன்" என்றார். அன்றிலிருந்து கதை மாறியது. வருகிறவர்களிடம் "என்ரை மகள் அடிச்சது, பாருங்கோ, ஒரு கோடு பிசகேல்லை" என்று காட்டினார்.

மாமா அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. கடலில் சண்டை, வள்ளங்கள் இறங்கவில்லை, கொழும்புத்துறைப் பக்கம் ஷெல் விழுகிறது என்றார்கள். நான் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் பின்வளவுக்கு அங்கால் வெங்காயத் தோட்டக்காரர் இருந்தார். அவருடைய தண்ணி இறைக்கிற மெசினும் இதே மாதிரிப் பெற்றோல் விட்டுத்தான் ஸ்ராட் ஆகும், அவரிடமும் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். கேட்கப் போனால் ஏன் எதற்கு என்று அப்பாவின் காதுக்குப் போய்விடும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன்.

மார்கழியில் ஒரு காலை. முதல் நாள் முழுக்க மழை. அம்மா குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நான் ஓடிப்போனபோது தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதடு நீலம். கண்கள் என்னையே பார்த்தன, வாயால் ஒரு சொல் வரவில்லை. அப்பா ஏற்கெனவே கொட்டிலுக்கு ஓடிவிட்டார். பொனற் திறக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, அம்மாவின்ரை போத்திலை எடுத்துக்கொண்டு ஓடியா!"

எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த இடத்தை முப்பது வருடமாக நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். அலுமாரியிலிருந்து கொட்டிலுக்கு இருபது அடி. அந்த இருபது அடியில் நான் சொல்லியிருக்கலாம். அப்பா, இதுக்குள் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய், இதை விடாதேயுங்கோ, நான் தோட்டக்காரரிடம் ஓடிப்போய் வாங்கிவருகிறேன் என்று. போய்வர ஐந்து நிமிடம். அவர் இல்லையென்று சொல்கிற மனிதர் இல்லை. நான் சொல்லவில்லை. மிச்சமிருக்கிற இரண்டு கரண்டி பெற்றோல் போதும், பிடித்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவின் முகத்துக்குப் பயந்தேன். போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் மூன்று கரண்டி விட்டார். வெங்காயத் தோட்டக்காரர் சத்தம் கேட்டு வந்து ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நின்றது. திரும்பவும் சுற்றினார். மிச்சத்தையும் விட்டார். இருமலும் இல்லை. அப்பா பிளக்குகளைக் கழற்றி, குசினி நெருப்பில் காட்டிச் சூடாக்கிப் போட்டார். சுற்றினார்கள். அப்பாவின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. ஒழுங்கையில் இறக்கித் தள்ளினோம், நானும் தள்ளினேன், சேற்றில் கால் வழுக்கி விழுந்து எழும்பித் தள்ளினேன். பின்கண்ணாடிக்குள்ளால் அம்மா தெரிந்தார், பாயில் சாய்ந்து, மரச்சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு. இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. இனிச் சொல்லி என்ன என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

கடைசியில் தோட்டக்காரரின் சைக்கிள் கரியரில் அம்மாவை இருத்திச் சீலையால் அவருடைய இடுப்போடு கட்டினோம். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினேன். அப்பா மற்றப் பக்கம். இருபாலைச் சந்தி தாண்டும்வரை அம்மாவின் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கல்வியங்காடு வரும்போது கேட்கவில்லை. சத்தம் குறைந்துவிட்டது, கொஞ்சம் சுகம் போல என்று அப்பா சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த அப்பா நேரே கொட்டிலுக்குப் போனார். வெறும் போத்தலை எடுத்து மூக்கில் வைத்து மணந்தார். அடியில் நின்ற துளியை உள்ளங்கையில் விட்டு ஊதிப் பார்த்தார். பெற்றோல் என்றால் ஊத ஊதப் பறந்துவிடும். அது எண்ணெயாக, கிழிந்த கையில் அப்படியே நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது, பாதி விளங்கிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் செத்தவீட்டுக்குக் கொழும்புத்துறை மாமா வந்தார். அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி, வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. அப்பா படலையடியில் மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தையடா போத்திலுக்கை ஊத்தித் தந்தனி? மண்ணெண்ணெயைக் கலந்து தந்து என்ரை மனிசியைச் சாக்காட்டிப்போட்டாய்!"

"மாதாவாணை அண்ணை, நான் சுத்தமாய்த்தான் தந்தனான். அக்காவுக்கு நான் அப்பிடிச் செய்வனே?"

"போ வெளியிலை. நீ அவளின்ரை முகத்திலை முழிக்கக்கூடாது."

ஒப்பாரி நின்றுவிட்டது. முற்றத்தில் எல்லோரும் படலையைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். எழும்பினேன், வாயையும் திறந்தேன். "பிள்ளை மயங்கப்போகுது, சோடா உடையுங்கோ" என்று ஒரு மாமி கத்தினார். யாரோ என்னைப் பிடித்து இருத்தி என் வாயில் சோடாவைப் பருக்கினார்கள். நான் குடித்தேன். மாமா உள்ளே வரவில்லை. தெருவில் வேலியோரமாக நின்று, பிரேதம் எடுத்தபோது எல்லோருக்கும் கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சுடலைவரை போனாராம். ஆட்கள் பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்பா காரைத் தொடவில்லை. கழுவவுமில்லை. சின்னக் காரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "இதையாவது நீ ஒழுங்காய்ச் செய்து தந்தாய்" என்று ஒரு நாள் சொன்னார். அன்று நான் சோறு தின்னவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் வெளிக்கிடவேண்டும் என்று அறிவித்தார்கள். வலிகாமம் முழுக்க ஒரே வீதியில் இறங்கியது, மழையில், ஒரு அடி வைக்கக் கால் மணி நேரம். மண்ணெண்ணெய் இருந்திருந்தாலும் அந்தச் சனத்துக்குள் கார் போயிராது. அப்பா காரின் கதவுகளைப் பூட்டினார். ஸ்ராட் பண்ணுகிற இரும்பு ஹாண்டிலைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். அரிசி சுமக்க வேண்டிய தோளில் இரும்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சின்னக் காரை நான் எடுக்கவில்லை. அப்பாதான் என் பைக்குள், உடுப்புகளுக்கு நடுவே வைத்தார்.

நாவற்குழிப் பாலம் கடந்து சாவகச்சேரிக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்தோம். ஒரு வகுப்பறைக்கு ஒன்பது குடும்பம். மூன்றாம் நாள், எதிர் விறாந்தையில் கொழும்புத்துறை மாமாவைக் கண்டேன். பாதியாக இளைத்திருந்தார். மாமியும் அவரும் ஒரு சாக்கை விரித்து இருந்தார்கள். அப்பாவும் கண்டார். கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொண்டார்.

அன்று பின்னேரம் மாமி ஒரு மூக்குப் பேணியில் வெறும் தேத்தண்ணி கொண்டுவந்தார். அந்த நாட்களில் ஒரு பேணி தேத்தண்ணி லேசுப்பட்ட காரியம் இல்லை. விறகில்லை, சீனியில்லை, கிணற்றடியில் இரண்டு மணி நேர வரிசை.

"அவர் தந்துவிட்டவர். அண்ணை இருமுறார், சுடச்சுடக் குடிக்கட்டுமாம்" என்றார் மாமி.

அப்பா பேணியை வாங்கினார். எல்லோரும் பார்க்க, விறாந்தை ஓரத்துக்குப் போய் மண்ணில் ஊற்றினார். வெறும் பேணியை மாமியின் காலடியில் வைத்துவிட்டு வந்து இருந்தார். மாமி அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குள் இரண்டு வருடமாக இறுகிக் கிடந்தது உடைந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, மாமா தந்த பெற்றோல் சுத்தம். நான்தான் எடுத்தனான்."

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு எடுத்தனி?"

"நாலு கரண்டி."

"மிச்சத்துக்கு?"

"மண்ணெண்ணெய் விட்டனான்."

"பிளாஸ்ரர் மட்டுக்கோ?"

"ஓம்."

"ரேப்பந்தைன் எண்டு சொன்னனி."

"பொய் சொன்னனான் அப்பா."

ஒரு எஞ்சினைக் கழற்றுவது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். கோபம் இல்லை. கோபம் வரும், அடிப்பார், அடித்தால் நல்லது என்று நான் காத்திருந்தேன். அவர் கையை நீட்டினார்.

"காரை எடு."

பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்தார். கூரையில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தார். ஒரு கீறல் விழவில்லை.

"நல்லாய்த்தான் காய்ஞ்சிருக்கு" என்றார்.

அந்த விஷயம் பற்றி அப்பா என்னிடம் பேசிய கடைசி வசனம் அது. அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். சோறு கேட்டார், தண்ணி கேட்டார், கடைசிக் காலத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிள்ளை என்று மட்டும் கூப்பிடவில்லை.

காரை என் மடியில் வைத்துவிட்டு எழும்பி, சேற்று முற்றத்தைக் கடந்து எதிர் விறாந்தைக்குப் போனார். மாமா பதறி எழும்பினார். அடிக்க வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பா அவருடைய சாக்கில் இருந்தார். சின்ன முற்றம்தான், எனக்கு எல்லாம் கேட்டது.

"பிழை என்னிலை" என்றார் அப்பா. "உன்ரை பெற்றோல் சுத்தம். காபரேற்றருக்கை பழைய மண்ணெண்ணெய் நிண்டிருக்கு. நான் கழுவாமல் விட்டிட்டன். என்ரை கைப்பிழை."

வாழ்நாளில் தன் கையில் பிழை என்று சொல்லாத மனிதர் சொன்னார்.

மாமா அவருக்கு முன்னால் குந்தினார்.

"அப்ப நான் இல்லையே அண்ணை?"

"நீ இல்லை."

"ரெண்டு வருசம் அண்ணை. அந்தப் போத்தில் நிரப்பேக்கை பெற்றோல் கானும் மண்ணெண்ணெய்க் கானும் பக்கத்திலை பக்கத்திலை கிடந்தது. மாதாவாணை எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வீட்டை போனாப் பிறகுதான் யோசிச்சன், கான் மாறி ஊத்திப்போட்டனோ எண்டு. ஒரு நாள் நித்திரை இல்லை. பாவசங்கீர்த்தனத்திலை சாமியாரிட்டையும் சொன்னனான், அக்காவை நான்தான் சாக்காட்டிப்போட்டன் எண்டு."

அவர் வாய்விட்டு அழுதார். பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா அவருடைய முதுகில் கையை வைத்தார். அழுகைக்கு நடுவில் மாமா தலையை நிமிர்த்தி, முற்றத்துக்கு இங்கால் இருந்த என்னைக் கண்டார். கண்டதும் அந்த முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது.

"பிள்ளை, கேட்டியே? மாமா செய்யேல்லை. அம்மாவை மாமா ஒண்டும் செய்யேல்லை!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் என் மடியில் இருந்தது.

"தெரியும் மாமா" என்றேன்.